மூன்று நிமிடம்

அஜாக்ஸ் நகரசபையில் பேச
எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள்.
மேசையில் ஒரு மணிக்கூடு,
பின்னோக்கி ஓடுவது.

நான் எழுதிக்கொண்டு போனது வேறு.
ஒன்றரை மாடி, எழுநூற்றைம்பது சதுர அடி,
புதுக் குளிர்சாதனப் பெட்டி நுழைய மறுத்த வாசல்,
மகன் நிமிர்ந்தால் தலை இடிக்கிற மேலறை.
இடித்துக் கட்ட விடுங்கள் என்பதுதான் மனு.
வரைபடத்துக்கு மட்டும் நாலாயிரம் டொலர்.
அதில் இரண்டாவது குளியலறை இருந்தது,
கனவில் அதை நான் பாவித்தும் இருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் கோர்டன் ஸ்ட்ராக்கன்,
மரபுரிமைக் குழு, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர்.
படம் போட்டுக் காட்டினார்:
சேறு. சேற்றின் மேல் பலகை நடைபாதை.
இறக்கி வைத்த சோடாப் பெட்டிகள் மாதிரி
ஒரே அளவில், ஒரே முகத்தில் வீடுகள்.
ஷெல் நிரப்ப வந்த பெண்களுக்கும்
பிறகு போரிலிருந்து திரும்பிய ஆண்களுக்கும்.
அத்திவாரம் இல்லை, மரக்கட்டைக் கால்கள்.
எல்லாம் முடிந்ததும்
கழற்றி எடுத்துப் போகிற யோசனை.
தற்காலிகம், என்றார்.

ஷெல்:
அகராதி பார்க்காமல் நான் படித்த ஆங்கிலம்.
அது வரும், விழும்.
அதை ஒருத்தி நிரப்புவாள்,
நிரப்பிவிட்டு பஸ் பிடித்து வந்து
உருளைக்கிழங்கு அவிப்பாள் என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

போன தை மாதம் சூடாக்கி திருத்த வந்த ஹெக்டர்
வாசலோரப் பலகையைப் பெயர்த்தபோது
இடுக்கிலிருந்து எடுத்துத் தந்தான்,
கொண்டை ஊசிகள். பதினேழு.
குப்பை என்று சொல்லித்தான் வாங்கி
யோகட் டப்பாவில் போட்டேன்.
டப்பாவை ஏனோ எறியவில்லை.

கோர்டன் தண்ணீர் குடித்தார்.
குடித்துவிட்டுச் சொன்னார்:
ஆலைக்குள் இரும்பு ஆகாது,
ஒரு பொறி பறந்தால் போச்சு.
மோதிரம், ஊசி, எல்லாம் கழற்றவேண்டும்.
எங்கள் வீட்டில் முதலில் இருந்தவள் பெயரும் வாசித்தார்.
வெர்னா பொடோல்ஸ்கி. சஸ்காச்சுவான்காரி.
இருபத்திரண்டு வயது.

வாசலிலேயே நின்று கழற்றியிருக்கிறாள்.
விறைத்த விரலில் ஒன்றிரண்டு நழுவியிருக்கும்,
பஸ் ஹோர்ன் அடித்திருக்கும்,
குனிந்து தேட நேரம் ஏது.

ஓமந்தையில் ஒருத்தி
என் பின்னலை அவிழ்த்து
ஊசி ஊசியாய் உருவி மேசையில் வைத்தாள்.
திருப்பித் தரவில்லை.
அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை
என்றுதான் தவநேசன் சொல்கிறார்.
இருக்கலாம்.

என் முறை வந்தது. தாளைப் பிரிக்கவில்லை.
அந்தத் 'தற்காலிகம்' என்ற சொல்லை
அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள், என்றேன்.
எனக்குப் பழக்கமான ஆங்கிலத்தில்,
பழக்கமான தடுமாற்றத்தில்.
முழு வீட்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தி
அடியில் யாரோ நிலவறை தோண்டியிருக்கிறார்கள்.
வீடு மேலே நிற்க, கீழே மண்வெட்டியோடு ஒரு மனிதர்.
தற்காலிகத்துக்கு யார் அவ்வளவு செய்வார்கள்?
என் முதல் பெர்மிட்டிலும் இதே சொல்தான் அடித்திருந்தது.
இது இருபதாவது குளிர்.

ஒரு உறுப்பினர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.
அப்படியென்றால் மனுவை மீளப் பெறுகிறீர்களா?

குளியலறையை நினைத்தேன்.
வெள்ளை ஓடு, சாம்பல் விளிம்பு.

மணி அடித்தது.

காருக்குள் தவநேசன் ஹீட்டரைக் கூட்டி வைத்தார்.
நாலாயிரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை,
அதுதான் பயமாக இருந்தது.
முன்பக்கத்தைத் தொடாமல்
பின்பக்கமாக நீட்டலாம், என்றேன்.
கூரைச் சரிவு?
அப்படியே இருக்கட்டும்.
அப்போ பெடியன்?
குனியட்டும், என்றேன்.
சிரித்தார் என்று நினைக்கிறேன்,
கண்ணாடி துடைப்பான் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது
காலடியில் அந்த இடுக்கு.
வந்து அடைத்துத் தருகிறேன் என்று போன ஹெக்டர்
இன்னும் வரவில்லை.
விரல் வைத்துப் பார்த்தேன்,
கீழிருந்து குளிர்க்காற்று.